உடைந்த ஓட்டில் எழுந்த கோபுரம்



கலையைப்பற்றிப் பேச வேண்டுமென்று தலைவர் அவர்கள் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நான் சங்கீத வித்துவானும் அல்ல, சித்திரக்காரனும் அல்ல. மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால், கலை என்பது பரம்பரையாய்ப் பயின்றவர்களுக்கும் பணம் படைத்தவர்களுக்குமே உரியது, மற்றவன் செய்தால் அது குப்பை என்கின்ற எண்ணம் நம் ஜனங்களிடம் வேரூன்றிப் போயிருக்கிறது. ஆகவே குப்பையைக் கொண்டே வேலை செய்த ஒரு கூலிக்காரருடைய சங்கதியைச் சொல்லுகிறேன்.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் வாட்ஸ் என்று ஏழைகள் வாழும் பகுதி ஒன்று உண்டு. இத்தாலியிலிருந்து சிறு வயதில் பிழைக்கப்போன சைமன் ரோடியா என்பவர் 1921-ல் அங்கே ஒரு முக்கோண மனையை வாங்கினார். சிமெண்டு பூசுவதும் தளஓடு பதிப்பதும் அவருக்குத் தொழில். வயதோ நாற்பதுக்கு மேல். பகலெல்லாம் கூலிவேலை செய்துவிட்டு, மாலையிலும் விடுமுறையிலும் அந்த மனையில் கோபுரம் கட்டினார். கோபுரம் என்றதும் உள்ளே என்ன சாமி என்று கேட்டுவிடாதீர்கள்! சாமியும் இல்லை, பூசாரியும் இல்லை, தட்டு ஏந்துகிறவனும் இல்லை. "நம் ஊர்" என்றுதான் ஸ்பானிய மொழியில் அதற்குப் பெயர் வைத்தார்.

இரும்புக் கம்பியைப் பக்கத்து ரயில் தண்டவாளத்தில் செருகி வளைப்பார். கம்பிகளைச் சேர்த்துக் கம்பிவலை சுற்றிக் கட்டி, மேலே சிமெண்டுக் காரை பூசுவார். காரை காய்வதற்குள் உடைந்த ஓடு, பீங்கான் சில்லு, சோடாப் புட்டியின் பச்சைக் கண்ணாடி, மருந்துப் புட்டியின் நீலக் கண்ணாடி, கிளிஞ்சல் எல்லாவற்றையும் அழுத்திப் பதித்துவிடுவார். திருகாணி கிடையாது, பற்றவைப்புக் கிடையாது, சாரமும் கிடையாது. ஜன்னல் துடைக்கிறவர்கள் கட்டும் வாரை இடுப்பில் கட்டிக்கொண்டு, காரை வாளியோடு, கட்டிய பாகத்தின்மேலேயே ஏறி அடுத்த பாகத்தைக் கட்டினார். ஒற்றை ஆள்; 33 வருஷம். மொத்தம் 17 அமைப்புகள். உயரமான கோபுரம் 100 அடிக்கு அரை அடிதான் குறைவு. கொத்து வேலைக்காரத் தோழர்கள் இங்கே இருந்தால், சாரமில்லாமல் அந்த உயரத்தில் நிற்பது என்னவென்று பக்கத்திலிருப்பவருக்குச் சொல்லுங்கள்.

ஊரார் பைத்தியம் என்றார்கள். பிள்ளைகள் கல்லெறிந்தார்கள். யுத்த காலத்திலோ, ஜப்பான்காரனுக்குச் சேதி அனுப்பும் கம்பம் என்று ஒரு புரளி! 1955-ல் மனிதர் மனையை அண்டை வீட்டாருக்குக் கொடுத்துவிட்டு வேறு ஊர் போய்விட்டார்.

பிறகு வந்தார்கள் உத்தியோகஸ்தர்கள். அனுமதி எங்கே, வரைபடம் எங்கே, கட்டியவன் எந்தப் பட்டம் பெற்றவன் என்பதாகக் கேட்டு, இது விழுந்துவிடும், இடித்துத் தள்ளு என்று உத்தரவு போட்டார்கள். ஜனங்கள் தலையில் விழக்கூடாது என்கின்ற கவலை நியாயமானதுதான். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் விழுமா விழாதா என்று பார்க்க வேண்டியது கோபுரத்திலா, கட்டியவனுடைய யோக்கியதாபத்திரத்திலா?

இதற்குள் ஒரு நடிகரும் சினிமாப் படத் தொகுப்பாளர் ஒருவரும் அந்த இடத்தை வாங்கியிருந்தார்கள். ஆகாயவிமான வேலையில் இருந்த பட் கோல்ட்ஸ்டோன் என்கின்ற என்ஜினீயர், இழுத்துப் பார்த்துவிடுவோம் என்றார். 1959 அக்டோபர் 10-ந் தேதி, ஜனங்கள் கூடி நிற்க, கோபுரத்தில் இரும்புக் கயிறு கட்டி 10,000 ராத்தல் வலுவுக்குப் பக்கவாட்டில் இழுத்தார்கள். கோபுரம் சாயவில்லை, இழுத்த கருவியின் உத்திரந்தான் வளைந்தது! இடிக்கும் உத்தரவும் அதோடு ஒழிந்தது. காரையில் விரிசலே விழாது என்று நான் பொய் சொல்லவில்லை; பழுது பார்க்கும் வேலை பின்னும் இருந்துகொண்டே வந்தது.

1965 ஜூலையில் ரோடியா இறந்தார். அடுத்த மாதமே, வேலையில்லாமையாலும் போலீஸ் கொடுமையாலும் வெதும்பியிருந்த வாட்ஸ் பகுதிக் கறுப்பு ஜனங்கள் கிளர்ந்தெழுந்தார்கள். ஆறு நாள் கலவரத்தில் 34 பேர் மாண்டார்கள், கடைகள் எரிந்தன. கோபுரத்தின்மேல் ஒருவரும் கைவைக்கவில்லை.