கடல் சுமந்து வரும் அமானிதம்



இன்று காலை நாம் உண்ட ரொட்டியின் கோதுமை நம் மண்ணில் விளைந்ததன்று. அது கப்பலேறி வந்து, நமது திருகோணமலைத் துறைமுகத்தில் இறங்கி, சீனக்குடா ஆலையில் மாவானது. உலக வணிகப் பொருட்களில் 80 வீதத்திற்கும் அதிகமானவை கடல் வழியாகவே செல்கின்றன. கடலில் செல்லும் கப்பலை இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாக ஸூரத்துல் பகரா எண்ணுகிறது.

அந்த அருட்கொடையை நாம் எவ்வாறு பேணுகிறோம்? 2021 மே 20ஆம் திகதி, கொழும்புக்கு அப்பால் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலில் தீ மூண்டது. அதிலிருந்த கொள்கலன் ஒன்றில் நைத்திரிக் அமிலம் கசிவது முன்னரே அறியப்பட்டிருந்தது. கப்பல் ஜூன் மாதத்தில் மூழ்கியது. பருப்பளவான பிளாஸ்டிக் மணிகள் கரையெங்கும் குவிந்தன. ஆமைகள் இறந்து ஒதுங்கின. நீர்கொழும்பு மீனவர் கடலுக்குச் செல்லத் தடை விதிக்கப்பட்டது. தவறு ஓரிடத்தில், பசி வேறொருவர் வீட்டில்!

கடலில் தோன்றும் சீர்கேட்டுக்கு மனிதனின் செயலே காரணம் என ஸூரத்துர் ரூம் எச்சரிக்கிறது. அத்தகைய மணிகளை உருக்கியே நாம் ஒருமுறை பாவித்து வீசும் பைகளும் போத்தல்களும் செய்யப்படுகின்றன. கப்பல் தானாகப் புறப்படுவதில்லை. நமது தேவையே அதை அழைக்கிறது.

ஆகவே இளைஞர்களே, துறைமுகத்தில் தொழில் கிடைத்தால், சிறு கசிவையும் மறைக்காதீர்கள். பெற்றோர்களே, கடைக்குச் செல்லும் பிள்ளையின் கையில் ஒரு துணிப்பை கொடுத்தனுப்புங்கள். வீண்விரயத்தை விட்டும் அல்லாஹ் நம்மைக் காப்பானாக! ஆமீன்.