மூளையின் இரத்தோட்டமும் நாம் குறிக்கவேண்டிய நேரமும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். அச்சிரசினுள் இருக்கும் மூளை, உடல் எடையில் நூற்றுக்கு 2 பங்கு அளவே. ஆயினும், நாம் சும்மா இருக்கும்போதும், உடல் செலவிடும் ஒட்சிசனில் நூற்றுக்கு 20 பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. 100 கிராம் மூளைக்கு நிமிடந்தோறும் சுமார் 50 மில்லிலீற்றர் இரத்தம் பாய்கிறது. நாளைக்கென்று சேமித்துவைக்க மூளைக்குக் களஞ்சியம் இல்லை. ஓட்டம் நின்றால் சில நிமிடங்களிலேயே கேடு தொடங்கிவிடும்.

மண்டையோட்டுக்குள் ஓடும் இரத்தத்தை அளப்பது எப்படி? 1945இல் அமெரிக்க அறிஞர்களான கெற்றியும் சிமித்தும் ஒரு வழி கண்டனர். ஒருவரை நைத்திரசு ஒட்சைட்டு வாயுவைச் சுவாசிக்கச் செய்து, நாடியிலிருந்தும் கழுத்து நாளத்திலிருந்தும் இரத்தம் எடுத்துக் கணக்கிட்டனர். முழு மூளைக்கும் சராசரி கிடைத்தது. எந்தப் பகுதி வாடுகிறது என்பது தெரியவில்லை.

அக்குறையைத் தீர்த்த முறைகளுள் ஒன்று எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப் படமுறை. மலையிலிருந்து வரும் பீலித் தண்ணீர் எந்தெந்த லயத்துக்குப் போகிறது என்று அறிய, மேலே சிறிது சாயத்தைக் கரைத்துவிட்டுக் கீழே பார்க்கலாம் அல்லவா? 1992இல் ஜோன் டெற்றே, அலன் கொரெற்ஸ்கி முதலானோர் எலிகளில் செய்துகாட்டியதும் அத்தகையதே. ஆனால் அங்கே சாயமும் இல்லை, ஊசியும் இல்லை. கழுத்து வழியாக மேலேறும் இரத்தத்திலுள்ள நீரின் ஐதரசன் அணுக்கருக்களை வானொலி அலையினால் தலைகீழாகத் திருப்பி அடையாளமிடுகின்றனர். இன்று மனிதரில் இதைச் செய்யும்போது, அடையாளமிட்டபின் ஏறக்குறைய 2 செக்கன் பொறுத்துப் படமெடுப்பர். அடையாளமிடாமல் மற்றொரு படமும் எடுப்பர். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் எஞ்சுவது, புதிதாக வந்துசேர்ந்த இரத்தம். வேறுபாடு நூற்றில் ஒரு பங்கு அளவே என்பதால், பல சோடிப் படங்கள் எடுத்துச் சராசரி காண்பர். கழுத்துக்கென்று தனிச் சுருள் வைத்து முழு மூளையையும் இம்முறையில் படமெடுத்த 2004ஆம் ஆண்டு ஆய்வொன்றில் லலித் தலாகல என்று நம் தீவில் வழங்கும் பெயரைக் கண்டு நாம் மகிழ்ந்தோம்.

இவற்றால் நமக்கு என்ன பயன் என்று கேட்பீர்கள். பாரிசவாதத்தில் இரத்தக் கட்டி குழாயை அடைக்கும்போது மூளையில் ஒரு பகுதி இறந்துபோகிறது. அதைச் சூழ்ந்த பகுதி பட்டினியால் வாடினாலும் உயிரோடிருக்கும். இரத்தோட்டப் படம் இரண்டையும் பிரித்துக் காட்டும். 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இப்படிப் படம்பார்த்துத் தெரிந்தெடுத்த நோயாளருக்கு 6 முதல் 16 மணித்தியாலம் கழிந்தபின்னரும் கட்டியை அகற்றுவது பலன் தரும் என்று நிரூபித்தது. அதற்காகத் தாமதிக்கலாம் என்று எண்ணற்க! எல்லோருக்கும் அந்த அவகாசம் வாய்ப்பதில்லை. கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்றவேண்டும்.

ஆஸ்பத்திரியில் வைத்தியர் முதலில் கேட்பது, "கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்?" என்பதே. யந்திரம் ஓட்டத்தை அளக்கும்; அந்த நேரத்தைத் திட்டமாகச் சொல்லாது. அதைச் சொல்லவல்லவர் வீட்டில் உள்ளவரே. நம் லயங்களிலோ, வாய் கோணினால் தைலம் தேய்க்கிறோம். கை விழுந்தால் "களைப்பு" என்கிறோம். இரவானால் "விடியட்டும்" என்கிறோம். மலைப்பாதையின் தூரத்தை நம்மால் குறைக்க முடியாது. "விடியட்டும்" என்ற சொல்லை இன்றே விட்டுவிட முடியும்.

ஆகவே, சங்க இளைஞர்களே, ஒன்று செய்வோம். முகம் கோணினாலோ, ஒரு பக்கக் கை சோர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, உடனே மணியைப் பார்த்து எழுதிக்கொள்வோம். 2016இல் தொடங்கிய சுவசெரிய அம்புலன்சை 1990 என்னும் இலக்கத்தில் அழைப்போம். வாயில் மருந்தோ தண்ணீரோ ஊற்றாதிருப்போம். அந்தச் சிறு துண்டுக் கடதாசியில் நாம் குறிக்கும் நேரம், ஒரு கொழுந்தெடுக்கும் தாயின் கையையும் பேச்சையும் காப்பாற்றக்கூடும்.