பழைய கம்ப்யூட்டரை வழியனுப்பும் முன்

(பெங்களூரு மல்லேஸ்வரத்தில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் கம்ப்யூட்டர் நிபுணன் இல்லை. பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் இன்று பேசப்போகும் விஷயத்தைப் பட்டுத் தெரிந்துகொண்டவன். அதனால் என் தவறிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சில வருஷங்களாகத் தெரிந்தவர்களுக்காக வரன் ஜாதகங்களை வாங்கித் தொகுத்து, பொருத்தமானவர்களுக்கு அனுப்பி வந்தேன். எல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில்தான். புதியது வாங்கியபோது பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தேன். கொடுக்குமுன் எல்லா ஃபைல்களையும் டெலீட் செய்தேன். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தேன். கடமை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஃபோன். பேசியவன் இன்ஜினியரிங் மாணவன். "அங்கிள், எஸ்.பி. ரோடில் ஒரு செகண்ட்ஹேண்ட் ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். அழிந்த ஃபைலை மீட்கிற இலவச சாஃப்ட்வேர் ஒன்றைச் சும்மா ஓட்டிப் பார்த்தேன். உங்கள் வருமான வரிக் கணக்கு, பான் கார்டு, அறுபதுக்கு மேல் ஜாதகம், ஃபோட்டோ எல்லாம் வருகிறது" என்றான்.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. நல்ல பிள்ளை, மறுநாளே டிஸ்க்கை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தான். காப்பி சாப்பிட்டுவிட்டு, பணம் வாங்க மறுத்துவிட்டுப் போனான். அவன் போனதும் என் மனைவி சொன்னாள்: "நம்ம பாங்க் கணக்கு போனா நம்ம பணத்தோட போச்சு. இது ஊரார் வீட்டுப் பொண்களோட ஃபோட்டோ. நம்மளை நம்பின்னா குடுத்தா!"

அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஃபோன் செய்து நடந்ததைச் சொன்னேன். பலர் பெருந்தன்மையாகப் பேசினார்கள். ஒருவர் ஒன்றும் சொல்லாமல் ஃபோனை வைத்துவிட்டார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை.

டெலீட் செய்தது எப்படித் திரும்ப வந்தது? அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில் குடியிருப்போர் பெயர்ப்பலகை இருக்கும். அதில் ஒரு பெயரை அழித்துவிட்டால் அந்த வீட்டில் இருப்பவர் காலி செய்துவிட்டாரா என்ன? டெலீட் என்பது பலகையில் பெயரை அழிப்பது மட்டுமே. அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை பழைய தகவல் டிஸ்க்கில் அப்படியே இருக்கும். குவிக் ஃபார்மட் செய்வது பலகையையே புதிதாக மாற்றுவது. குடியிருப்பவர் அப்போதும் உள்ளேதான்.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததில்லை. அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர்களாக இருந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாத் இருவரும் 158 பழைய ஹார்ட் டிஸ்க்குகளை விலைக்கு வாங்கிச் சோதித்து, 2003ல் முடிவை வெளியிட்டார்கள். வேலை செய்த 129ல் ஒழுங்காக அழிக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. ஒன்று ஏ.டி.எம். இயந்திரத்திலிருந்து வந்த டிஸ்க்! பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை. வாடிக்கையாளர் தகவல் இருந்த பழைய கருவிகளை, அழிக்கும் வேலையில் அனுபவமில்லாத ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்ததற்காக மார்கன் ஸ்டான்லி 2022ல் மூன்றரைக் கோடி டாலர் அபராதம் கட்டியது.

இதை இப்போது சொல்வதற்குக் காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் அளித்த வழக்கமான ஆதரவு முடிந்தது. நம்மில் பலர் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வெளியே போகக் காத்திருக்கிறது. என்ன செய்யலாம்?

முதலில், வேண்டியதைப் பிரதி எடுங்கள். பிரதி திறக்கிறதா என்று வேறொரு கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். பேரன் பேத்தி ஃபோட்டோவை இழந்தபின் அழுது பயனில்லை. பிறகு மெயில், பாங்க் கணக்குகளிலிருந்து சைன் அவுட் செய்யுங்கள்.

அடுத்து, விண்டோஸ் 10, 11 இரண்டிலும் 'ரீசெட் திஸ் பிசி' என்று ஒரு வசதி உண்டு. அதில் 'ரிமூவ் எவ்ரிதிங்' என்பதைத் தேர்ந்தெடுத்து, செட்டிங்கை மாற்றி, 'க்ளீன் டேட்டா' என்பதற்கு 'யெஸ்' கொடுங்கள். சில மணி நேரம் ஆகும். பொறுமையாக விட்டுவிடுங்கள். பழைய மாதிரி ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் இணைத்தால், 'குவிக்' என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் செய்யுங்கள். விண்டோஸ் விஸ்டா முதல், முழு ஃபார்மட் டிஸ்க் முழுவதும் பூஜ்யத்தை எழுதுகிறது. முப்பத்தைந்து தடவை எழுத வேண்டும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அது 1990களின் டிஸ்க்குகளை வைத்துச் சொன்னது. இப்போதைய ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு தடவை போதும்.

எஸ்.எஸ்.டி. என்றால் கதை வேறு. அது எதை எங்கே எழுதுவது என்று தானே இடம் மாற்றிக்கொள்ளும். ஆகவே மேலே எழுதி அழிப்பது நம்பகமில்லை. அதைத் தயாரித்தவர்கள் தரும் சாஃப்ட்வேரில் 'செக்யூர் இரேஸ்' இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

கம்ப்யூட்டர் உயிரே பெறவில்லையா? ஸ்க்ரூவைக் கழற்றி ஹார்ட் டிஸ்க்கை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுங்கள். டிஸ்க்கில் துளை போடுவதானால் கண்ணாடி அணிந்து செய்யுங்கள். லேப்டாப் டிஸ்க் பலவற்றில் உள்ளே இருக்கும் தட்டு கண்ணாடியால் ஆனது, சிதறும். ஃப்ரிட்ஜ் காந்தத்தைத் தேய்ப்பதால் ஒன்றும் ஆகாது. நெருப்பில் போடவே கூடாது, புகை விஷம்.

பிறகு, அரசு அங்கீகாரம் பெற்ற மின்கழிவு நிலையத்திடம் கொடுங்கள். நம் ஊர் இதில் முன்னோடி. தாபஸ்பேட்டையில் இருக்கும் இ-பரிசரா, நாட்டிலேயே முதலில் அங்கீகாரம் பெற்றவற்றுள் ஒன்று. பரிசர என்றால் கன்னடத்தில் சுற்றுச்சூழல். ஆனால் தகவலை அழிக்கும் வேலையை நீங்களே முடித்துவிட்டுக் கொடுங்கள். பயன்படும் நிலையில் இருந்தால் ஏழை மாணவனுக்குத் தாருங்கள், புண்ணியம். அதுவும் அழித்த பிறகுதான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் அலுவலகத்தின் பின்னறையிலும் துணி போர்த்திய பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. உறுப்பினர் விலாசம், கோத்திரம், நட்சத்திரம், வங்கி விவரம் எல்லாம் அதில் உண்டு. அது பல குடும்பங்கள் நம்மிடம் கொடுத்து வைத்த அடைக்கலப் பொருள். காரியதரிசி அனுமதித்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை நானே வந்து அழித்துத் தருகிறேன். இளைஞர் ஒருவர் கூட வந்தால் நல்லது. ஸ்க்ரூ டிரைவர் நான் கொண்டு வருகிறேன்.