கொடிக்கு முன் பந்தல்



எங்கள் ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டங்களில் குலை கனத்த பிறகு பந்தற்கால் நடுவார் எவருமிலர். பணி ஓய்வை நெருங்கும் பெற்றோர்க்கு மருத்துவக் காப்பீடும் அத்தகைய பந்தலே.

நிறுவனம் அளித்த குழுக் காப்பீடு பெரும்பாலும் ஓய்வு நாளோடு முடிகிறது. புதிய பாலிசியோ, நீரிழிவு போன்று முன்பே உள்ள நோய்களுக்கு மூன்றாண்டு வரை காத்திருக்கச் சொல்லலாம். 2024 ஏப்ரல் முதல் விதிகள் அனுமதிக்கும் உச்சவரம்பு அதுவே. ஆகவே 60 வயதில் ஓய்வு பெறுபவர் 57-லேயே எடுத்துவிடுதல் நன்று.

குறைந்த செலவில் கூடுதல் காப்புத் தருவது ‘டாப்-அப்’ பாலிசி. அதில் இருவகை உண்டு. அடிப்படைக் காப்பீடு 3 லட்சம் ரூபாய், அதற்கு மேற்பட்ட செலவுக்கு டாப்-அப் எனக் கொள்வோம். ஓராண்டில் இருமுறை தலா 2 லட்சம் செலவாயின், சாதாரண டாப்-அப் ஒன்றும் தராது. ஒவ்வொரு சிகிச்சையையும் அது தனித்தனியே அளக்கும். ‘சூப்பர் டாப்-அப்’ ஆண்டுச் செலவைக் கூட்டிப் பார்த்து, மிஞ்சிய 1 லட்சத்தைத் தரும்.

விண்ணப்பத்தில் நோயை மறைத்தல் கூடாது; மறைத்தால் இழப்பீடு மறுக்கப்படலாம். இன்றிரவே தந்தையாரின் பாலிசித் தாளை வாங்கி, அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். கற்ற கல்வி இல்லத்துக்கு உதவும் இடம் அது.