செத்தவனுக்கு ஆறடி

(படிப்பகம் ஒன்றின் ஆண்டு விழாவில் மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில், கட்சி முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



"நீங்கள் படித்த புத்தகங்களைப் பற்றிப் பேசுங்கள்" என்று விழாக் கமிட்டித் தோழர்கள் கேட்டபோது நான் தயங்கினேன். கூலி உயர்வைப் பற்றியோ போனஸைப் பற்றியோ பேசச் சொன்னால் விடிய விடியப் பேசுவேன். ஆனால் நான் பண்டிதன் அல்ல. பள்ளி இறுதி வகுப்போடு நின்றவன். ஆகவே என்னிடம் இலக்கிய விமர்சனத்தை எதிர்பார்க்காதீர்கள். சில புத்தகங்களைப் படித்தபோது எனக்கு என்ன நேர்ந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

நம் சங்கக் கட்டிடத்து மர பீரோ உங்களுக்குத் தெரியும். மாஸ்கோவில் தமிழிலேயே அச்சாகி, மலிவு விலைக்கு வந்த புத்தகங்கள் அதில் ஒரு காலத்தில் நிறைய இருந்தன. 1991இல் சோவியத் யூனியன் கலைந்தது. புத்தகங்கள் வருவதும் நின்றது. கறையான் தின்றது போக மிஞ்சியவற்றைத்தான் நான் படித்தேன். அதுவும் நாற்பது வயதை நெருங்கும்போதுதான். அதுவரை, "கதைப் புத்தகம் இருக்கிறதா?" என்று எவனாவது இளைஞன் கேட்டு வந்தால், "முதலில் சங்க நோட்டீஸைப் படி!" என்று விரட்டியவன் நான்.

முதலில் ஒரு கதை. டால்ஸ்டாய் 1886இல் எழுதியது. ஒரு மனிதனுக்கு எவ்வளவு நிலம் தேவை என்பதுதான் கேள்வி. பாகோம் என்றொரு குடியானவன். அவனுக்கு எவ்வளவு நிலம் கிடைத்தாலும் போதவில்லை. தூரதேசத்துப் பாஷ்கீர் மக்கள் அவனிடம் சொல்கிறார்கள்: ஆயிரம் ரூபிள் கொடு, சூரியன் உதித்ததும் நடக்கத் தொடங்கு, எவ்வளவு தூரத்தைச் சுற்றி வருகிறாயோ அவ்வளவும் உனக்கு, ஆனால் பொழுது சாய்வதற்குள் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். அவன் ஆசைப்பட்டு வெகுதூரம் போய்விடுகிறான். மூச்சு முட்ட ஓடி வருகிறான். வந்து சேர்ந்த இடத்திலேயே வாயில் ரத்தம் கக்கிச் சாகிறான். அவன் மண்வெட்டியாலேயே அவனுக்குக் குழி தோண்டுகிறார்கள். கடைசியில் அவனுக்குத் தேவைப்பட்ட நிலம் ஆறடி!

அருமையான கதை. பேராசை கூடாது என்று இதைவிடப் பளிச்சென்று யார் சொல்ல முடியும்? நடவு முடிந்த ஒரு நாள் இரவு, கிராமத்துக் கிளைக் கூட்டத்தில் இந்தக் கதையை வாசித்துக் காட்டினேன். எல்லோரும் "உச்" கொட்டினார்கள். வயல் வேலையிலேயே முதுகு வளைந்துபோன ஒரு வயதான அம்மா மட்டும் கேட்டார்:

"ஏந் தம்பி, இதை எழுதினவருக்கு நெலம் இருந்துச்சா?"

"இருந்தது அம்மா. பெரிய பண்ணை" என்றேன்.

"அதானே பாத்தேன். எங்க சனம் அந்த ஆறடிக்குப் போறதுக்கே பாதை இல்லாம, பொணத்தைத் தூக்கிக்கிட்டு வாய்க்கால்ல எறங்கித்தான் போவுது. செத்தவனுக்கு ஆறடி போதும். உசுரோட இருக்கிறவனுக்கு எப்புடித் தம்பி போதும்?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. டால்ஸ்டாயைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. குடியானவர் பிள்ளைகளுக்குத் தன் பண்ணையிலேயே பள்ளிக்கூடம் வைத்தவர் அவர். 1891இல் தொடங்கிய பஞ்சத்தில் கஞ்சித் தொட்டிகள் திறந்து ஏராளமானவர்களுக்குச் சோறு போட்டவர். ஆனாலும் அந்த அம்மாவின் கேள்வி நியாயமான கேள்வி அல்லவா?

பல மாதம் கழித்து அதே பீரோவில் செகாவின் கதைத் தொகுதி ஒன்று அகப்பட்டது. செகாவ் ஒரு டாக்டர். அவருடைய தாத்தா பணம் கட்டித் தன்னை மீட்டுக்கொண்ட பண்ணையடிமை. 1898இல் அவர் எழுதிய நெல்லிக்காய்க் கதையில் ஒரு பாத்திரம் இதையே பேசுகிறது. ஆறடி தேவைப்படுவது பிணத்துக்குத்தான், மனிதனுக்கு முழு உலகமும் வேண்டும் என்பது அந்தப் பேச்சின் சாரம். படித்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது! எழுத்தே அறியாத ஒரு நடவுக்காரியும் செகாவும், ஒருவரையொருவர் அறியாமலேயே ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த முறை போனபோது அந்தக் கதையை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "அவரு கஷ்டப்பட்ட வீட்டுப் புள்ளையா இருப்பாரு" என்றார். அவ்வளவுதான்.

முழு உலகமும் வேண்டும் என்றால் என்ன பொருள்? இது எனக்கு விளங்கியது கார்க்கியின் "தாய்" நாவலில். தொ.மு.சி. ரகுநாதன் தமிழாக்கியது. அந்தத் தாய் ஆலைக்குள் துண்டுப் பிரசுரம் கொண்டு போனதும், மே தின ஊர்வலமும் நாம் மேடைதோறும் பேசுகிற விஷயங்கள். நாம் பேசாத ஓர் இடம் உண்டு. குடிகாரப் புருஷனிடம் அடி வாங்கியே காலம் கழித்த அந்த நீலவ்னா, நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொள்கிறாள். பிறகு தோழர் ஒருவர் வீட்டில் தங்கியிருக்கும்போது விலங்குகள், பூச்சிகளின் வண்ணப் படங்கள் நிறைந்த ஒரு பெரிய புத்தகத்தைப் புரட்டுகிறாள். வண்ணத்துப் பூச்சிகளைப் பார்த்து மலைத்துப் போகிறாள். பூமி இத்தனை பெரியதா, இவ்வளவு அழகும் நம் கண்ணில் படாமலே போய்விட்டதே என்று ஏங்குகிறாள். போலீசு துரத்தும் ஒரு கதையில் வண்ணத்துப் பூச்சிக்கு என்ன வேலை என்றுதான் முதலில் எனக்குத் தோன்றியது. இரண்டாம் முறை படித்தபோது தலை குனிந்தேன். நான் விரட்டிய இளைஞர்கள் நினைவுக்கு வந்தார்கள்.

அதற்குப் பின்தான் விஞ்ஞானப் புத்தகங்களைத் தொட்டேன். மைக்கேல் பாரடே லண்டனில் ஒரு கொல்லர் மகன். பதினான்கு வயதில் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை பழகப் போனவர். ஏழு வருஷம் அங்கே இருந்தார். பைண்டு செய்ய வந்த புத்தகங்களைப் படித்தே விஞ்ஞானி ஆனார். ஜெனரேட்டருக்கு அடிப்படையான உண்மையை 1831இல் கண்டுபிடித்தவர் அவர்தான். அவர் 1860ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் தொடங்கிச் சிறுவர்களுக்காக ஆறு சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். பொருள்: ஒரு மெழுகுவர்த்தி!

மெழுகுவர்த்தியை ஊதி அணையுங்கள். திரியிலிருந்து புகை நெளிந்து மேலே போகும். திரியைத் தொடாமல் அந்தப் புகையில் தீக்குச்சியைக் காட்டுங்கள். நெருப்பு புகை வழியே தாவி இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். அப்படியானால் எரிவது திரியல்ல; உருகி, ஆவியான மெழுகு. வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவையுங்கள். மெழுகுவர்த்தி எரிந்த காற்றை அந்தத் தெளிநீரில் செலுத்தினால் அது பால் போல் கலங்கும். உங்கள் மூச்சைக் குழாய் வழியே ஊதினாலும் அப்படியே கலங்கும். (ஊத வேண்டும், உறிஞ்சிவிடாதீர்கள்!) நம் உடம்புக்குள்ளும் அதே காரியம் நடக்கிறது. ஒரு மனிதன் நாளொன்றுக்கு ஏழு அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 200 கிராம் கரியை மூச்சில் வெளியேற்றுகிறான் என்று பாரடே கணக்குச் சொன்னார்.

இதைச் செய்து பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மூச்சு என்பது இவ்வளவு பெரிய காரியமா? அப்படியானால் கார்டிங்கில் நிற்கிறவன் என்ன மூச்சு விடுகிறான்?

தோழர்களே, இங்கே என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு மில்லில் கார்டிங் தொழிலாளி ஒருவர் இருந்தார். வார லீவு முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனால் நெஞ்சை இறுக்குகிறது, செவ்வாய் புதனில் குறைந்துவிடுகிறது என்று என்னிடம் பலமுறை சொன்னார். "ஞாயிற்றுக்கிழமை தண்ணியைக் குறையுங்கள்" என்றேன். அவர் குடிப்பதே இல்லை என்று பின்னால்தான் தெரிந்தது. அவர் வேலையை விட்டு ஊருக்குப் போய் மாடு மேய்க்கத் தொடங்கிய பிறகு, தொழிலால் வரும் நோய்களைப் பற்றிய புத்தகம் ஒன்றைப் படித்தேன். அதில் அவர் சொன்னது அப்படியே இருந்தது! பிஸினோஸிஸ் என்று பெயர். பஞ்சுத் தூசியால் வருவது. புளோரூமிலும் கார்டிங்கிலும்தான் அதிகம். தொடக்கத்தில் லீவு முடிந்த முதல் நாளில் மட்டும் நெஞ்சு இறுகும். வருஷங்கள் போகப் போக எல்லா நாளும் இறுகும். பிறகு நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பாது.

இத்தாலிய டாக்டர் ராமஸ்ஸினி 1700ஆம் ஆண்டிலேயே தொழிலாளர் நோய்களைப் பற்றிப் புத்தகம் எழுதினார். சணல் நார் சிக்கெடுப்பவர்கள் தூசியால் இருமுவதை அதில் எழுதியிருக்கிறார். நோயாளியிடம், என்ன தொழில் செய்கிறாய் என்று டாக்டர் கேட்க வேண்டும் என்றார். நானோ சங்கக்காரன்! தொழில் தெரிந்திருந்தும் கேட்கத் தவறினேன். 1948ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் மூன்றாவது அட்டவணையில் இந்த நோய் இருந்தது. தொழிலால் வந்த நோய் என்று நஷ்ட ஈடு கேட்க வழி இருந்தது. அந்தத் தோழருக்கு இதைச் சொல்லத் தெரியாத நிலையில் நான் இருந்தேன்.

மேஜை மேல் பாரடேயின் புத்தகம், "தாய்", செகாவ், நான் சொன்ன நோய்ப் புத்தகம் நான்கும் இருக்கின்றன. எடுத்துப் போகிறவர்கள் நோட்டில் பெயர் எழுதிவிட்டுப் போங்கள். புளோரூமிலும் கார்டிங்கிலும் வேலை செய்கிறவர்கள் மட்டும் கூட்டம் முடிந்ததும் கொஞ்சம் இருங்கள். திங்கட்கிழமை உங்கள் நெஞ்சு எப்படி இருக்கிறது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.