அறிமுகமும் வியாபார சிநேகமும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)

  

நம்மூர் வாலிபர்களின் கைப்பேசியைத் திறந்து பார்ப்பின், கொழும்பு, ஜெய்ப்பூர், ஹாங்காங் நகரங்களின் இரத்தின வியாபாரிகள் பலருடைய பெயர்கள் அதிற் காணப்படும். ஆயின், அவர்களுள் எத்தனை பேர் நம்மை நம்பிக் கடனுக்குச் சரக்குத் தருவர்? அறிமுகம் வேறு, வியாபார சிநேகம் வேறு.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில், பாரசீக வளைகுடாவிலுள்ள கீஷ் தீவினின்றும் நமது கரையிலிருந்த காயல் துறைக்குக் குதிரைகள் வந்திறங்கின. அவ்வர்த்தகத்தின் தலைவர் ஜமாலுத்தீன். அவருடைய சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரகுமான் இக்கரையிலேயே தங்கிப் பாண்டிய மன்னரின் அமைச்சராகவும் விளங்கினார். குதிரை ஒன்றுக்கு 220 தீனார் விலையென்றும், கடலில் மாண்ட குதிரைக்கும் அவ்விலை உண்டென்றும் உடன்படிக்கை இருந்ததாகப் பாரசீக சரித்திராசிரியர் வஸ்ஸாப் எழுதியுள்ளார். நேரில் ஆள் இருந்தார். நஷ்டம் யாரைச் சேரும் என்பதும் முன்னரே தீர்ந்திருந்தது.

கல்லின் நிறம் விளக்குக்கு விளக்கு மாறும். சூடேற்றிய கல்லைப் படத்தில் கண்டறிதல் இயலாது. ஆதலின் வாலிபர்களே, திரையிற் கண்டவரை நேரிற் சென்று காணுங்கள். முதலிற் சிறு சரக்கே வாங்கித் தவணை தவறாது பணம் செலுத்துங்கள். சூடேற்றிய கல்லை அவ்வாறே சொல்லி விற்பனை செய்யுங்கள். திரும்பி வரும் கல்லுக்குப் பொறுப்பாளி யார் என்பதை முன்னதாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒருவன் வாக்குத் தவறினால் அவன் பெயர் மாத்திரமா கெடும்? அவனுக்குப் பின் செல்லும் காயல்பட்டினத்துப் பிள்ளைகளுக்கும் அக்கடை வாசல் அடைபடும் அன்றோ!