வேலி முதலில், கன்று பிறகு
(வெருகல் பிரதேசத்துக்குத் திரும்பிய குடும்பங்களுக்கு ஆற்றிய உரை)



2006 இல் வளவையும் வயலையும் விட்டு வாகரைப் பக்கம் போனீர்கள். திரும்பி வந்து பார்த்தால் வீட்டைச் சுற்றிப் பற்றைக்காடு. ஆளில்லாத வளவில் காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் பழகிவிட்டன. நீங்கள் இன்று நடும் தென்னம்பிள்ளை காய்க்க ஆறேழு வருடம் வேண்டும். அதை அழிக்க முள்ளம்பன்றிக்கு ஓர் இரவு போதும்.

முதலில் வந்தது எதுவென்று பாருங்கள். அடியைக் கிண்டிக் குருத்தைக் கடித்திருந்தால் முள்ளம்பன்றி. நிலத்தை உழுததுபோல் கிளறியிருந்தால் பன்றி. இலையும் நுனியும் மட்டும் போயிருந்தால் மான், அல்லது அயலாரின் ஆடு, மாடு.

மாரி தொடங்குமுன் பற்றையை வெட்டி வேலியைக் கட்டுங்கள். மழை விழுந்ததும் கன்றை நடுங்கள். பூவரசு, கிளுவைக் கதியால்களை நெருக்கமாக ஊன்றுங்கள். வேலியின் அடியில் பனைமட்டையும் முட்கிளையும் அடுக்குங்கள். பன்றியும் முள்ளம்பன்றியும் அடியால்தான் நுழையும். தென்னம்பிள்ளை ஒவ்வொன்றையும் சுற்றி, இரு பக்கமும் வெட்டிய தகரப் பீப்பாயை அரை அடி ஆழத்துக்குப் புதையுங்கள். தகரம் கன்றில் முட்டக்கூடாது. ஆடு மாடு கடிக்கும் இலைகளில் சாணக் கரைசலைத் தெளியுங்கள். மழை கழுவினால் மறுபடி தெளியுங்கள்.

யானைக்குக் கதியால் வேலி ஒரு தடையல்ல. வீட்டோரம் வாழையை நெருக்கி நடாதீர்கள். எல்லையில் எலுமிச்சை, தோடை நடலாம். யானை அவற்றைப் பெரிதாக விரும்புவதில்லை. நெல் மூட்டையைப் படுக்கும் அறையில் வைக்காதீர்கள். அந்த மணத்துக்கு யானை சுவரையே இடிக்கும். யானை வந்தால் கிட்டப் போய் விரட்டாதீர்கள். கிராம சேவகருக்கும் வனசீவராசிகள் திணைக்களத்துக்கும் அறிவியுங்கள். கன்றை மறுபடி நடலாம்.

இனிச் சொல்வதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். கட்டுத்துவக்கு, பன்றிவெடி, வேலிக் கம்பியில் வீட்டு மின்சாரம் ஆகிய மூன்றும் வேண்டாம். சட்டவிரோதம் என்பது ஒரு புறம். இருட்டில் அவை பன்றி எது, விறகுக்குப் போன பிள்ளை எது என்று பார்ப்பதில்லை.

கதியால் வெட்ட, கண்ணிவெடி அகற்றி முடிந்ததென்று அறிவிக்கப்படாத காட்டுக்குள் போகவேண்டாம். ஊருக்குள் நிற்கும் பழைய வேலிகளில் வெட்டுங்கள், அயலாரிடம் கேளுங்கள். குழி தோண்டும்போது இனந்தெரியாத இரும்பு தென்பட்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, கிராம சேவகருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள்.

ஒரு வளவை மட்டும் அடைத்தால் பன்றி அடுத்த வளவுக்குப் போகும். ஆகவே நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரே சுற்றுவேலியாக அடையுங்கள். கதியாலும் குறையும், காவலிருக்கும் இரவும் குறையும். இந்த மாரியில் ஐந்து கன்று நட்டு ஐந்தையும் காப்பாற்றுங்கள். ஐம்பது நட்டு இழப்பதைவிட அது மேல்.